தலைவலி

மூன்று முகாமிலும் தலைவலி என்றே சொன்னேன்.
பள்ளிக்கூட வராந்தாவில் மேசை.
மேசைக்கு அந்தப்பக்கம் என் தம்பி வயசில் டாக்டர்.
"இன்னாம்மா பண்ணுது?"
எனக்குப் பின்னால் கொழுந்தனார்,
அவருக்குப் பின்னால் பீடிக் கம்பெனி கணக்குப்பிள்ளை.
தலைவலி சார்.
வெள்ளை மாத்திரை பத்து.
கொண்டுபோய் எத்திராஜிடம் கொடுத்தேன்.
அவருக்கு நிஜமாகவே தலைவலி வரும், சாயந்திரங்களில்.

எனக்கு வலித்த இடத்துக்குப் பெயர் உண்டு.
தெருக்குழாய்ச் சண்டையில்
எல்லோர் வாயிலும் புழங்கும் பெயர்தான்.
வைவதற்கு ஆகும்,
வைத்தியத்துக்கு ஆகாது.

மூன்றாவது பிறந்த பத்தாம் நாள்
இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.
அன்றைக்கே ஏதோ நழுவியது.
பிறகு பீடித்தூள், பிறகு இருமல்,
ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு நெல்லளவு கீழே.
குந்தினால் கையில் தட்டுப்பட்டது.
முதல் வருஷம் பயந்தேன்.
அப்புறம் பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டப் பழகினேன்
(குடியாத்தம் லுங்கி, கிழிப்பதுதான் கஷ்டம்).
எண்ணூறு பீடிக்கு மேல் உட்கார முடியாது.
மீதி இருநூறை யாமினி சுற்றினாள்,
பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டின் மேல்
முறத்தை வைத்து.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு வந்தது.
தலை மட்டும்.
தெரு முழுக்கத் தேங்காய்ச் சில்லு,
கால் வைக்க இடமில்லை.
அத்தனை ஜனமும் தலையைப் பார்த்துக் கும்பிட்டது.
உடம்பு கோயிலில் காத்திருந்தது.

நிற்க முடியாமல்
மூடியிருந்த ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தேன்,
ஒரு பக்கமாக, எப்போதும் போல.
பலூன் விற்கிறவள் ஒருத்தி பார்த்தாள்.
"அடி எறங்கிக்கீதா?"
மணி என்ன என்று கேட்பது மாதிரி கேட்டாள்.
ஒன்பது வருஷத்தில் முதல் ஆள்.
"எனக்கும்தான் இருந்துச்சு. அடுக்கம்பாறை போ.
செவ்வாக்கெழம வேணாம், கூட்டம் நெரியும்.
லேடி டாக்டரு தான். வாயத் தொறந்து சொல்லு."
ஒரு குழந்தை சிவப்பு பலூன் கேட்டது.
எழுந்து போய்விட்டாள்.

இரண்டு பஸ். இரண்டாவதில் நின்றுகொண்டே.
டாக்டரம்மா கையுறையைக் கழற்றும்வரை பேசவில்லை.
"எத்தனை வருஷமா?"
சொன்னேன்.
பேனா கொஞ்ச நேரம் எழுதவில்லை.
ஆபரேஷனுக்கு ரத்தம் பத்தாதாம், எட்டுக்கும் கீழேயாம்.
இரும்பு மாத்திரை தின்று ஏற்றிக்கொண்டு வரவேண்டும்,
அதுவரை தாங்குவதற்கு ஒரு வளையம்.
ரப்பர். உள்ளங்கை அகலம்.

ஏழாம் மாசத்தில் எத்தனை பேர் வந்தார்கள்,
சந்தனம் பூசி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.
சத்தம் கேட்டு உள்ளே பிள்ளை சந்தோஷப்படும் என்றார்கள்.
இந்த வளையத்துக்கு யாரும் வரவில்லை,
இது சத்தமும் போடாது.
இது எனக்கு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எத்திராஜ் கேட்டார்.
பெயர் சொல்லியே சொன்னேன்.
டிவி சத்தத்தைக் குறைத்தார்.
மறுநாள் காலை இரண்டு குடமும் நிறைந்து
வாசலில் நின்றன.
அதற்கடுத்த நாள் இல்லை.

நாலாவது முகாம், அதே வராந்தா.
எனக்கு முன்னால் ரஹ்மத்,
தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள்,
நாலு மாசக் கைக்குழந்தை.
வலது கால், இடது கால், மறுபடி வலது கால் என்று
மாற்றி மாற்றி நின்றாள்.
"இன்னாம்மா பண்ணுது?"
"தலவலி சார்."

பத்து மாத்திரையை பர்ஸில் போட்டுக்கொண்டு
சுவரோரமாக, காலை அகட்டி வைத்து, நடந்தாள்.

"அடுத்தது யாரும்மா?" என்றார்கள்.
நான் வரிசையை விட்டு
அவள் பின்னால் போனேன்.